வைட்டமின் ஈ, சி மாத்திரைகள் ரத்தக் கொழுப்பைக் கெடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தத்தில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காப்பவை என்று வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றுக்கும் நல்ல பெயர் உண்டு. சில சூழல்களில் இதே பொருட்கள் அந்த ஆக்சிஜனேற்றத்தை நடத்தியும் வைக்கின்றன. 1990-களிலிருந்து ஆய்வுக்கூடங்களில் இது தெளிவாகவே காட்டப்பட்டு வருகிறது. ஆனாலும் மாத்திரை டப்பாக்களின் மேல் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இதுபற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தருகிறேன். சில பதில்கள் நீளமானவை, ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமினே அதைத் தூண்டும் என்பது முரணாக இல்லையா?

‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்பதை ஒரு பொருளின் பிறவிக் குணம் போல நினைத்தால் முரணாகத்தான் தெரியும். வேதியியல் அதை வேறு விதமாகப் பார்க்கிறது. வைட்டமின் ஈ ஒரு ஹைட்ரஜன் அணுவை எளிதில் விட்டுக் கொடுக்கும். வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும். அவ்வளவுதான் அவற்றின் திறமை. ராடிகல் என்பது எலக்ட்ரான் ஒன்று ஜோடியில்லாமல் நிற்பதால் பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் மூலக்கூறு. அப்படி ஆபத்தான ராடிகல் ஒன்றுக்கு அதைக் கொடுத்தால் ராடிகல் அடங்கிவிடும், கொழுப்பு தப்பிக்கும். அதையே ஓர் இரும்பு அயனிக்கோ தாமிர அயனிக்கோ கொடுத்தால் அந்த உலோகம் முன்பைவிடத் தீவிரமாக வேலை செய்யத் தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. கொடுத்த பிறகு வைட்டமினே ஒரு ராடிகலாக நிற்கிறது. பலவீனமான ராடிகல்தான், ஆனால் ராடிகல். அடுத்து அது எங்கே போகிறது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

ரத்தத்தில் உள்ள கொழுப்பு எப்படி ஆக்சிஜனேற்றம் அடைகிறது?

கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் புரதத்தோடு சேர்ந்து சிறு துகள்களாக ரத்தத்தில் மிதக்கிறது. ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்று சொல்லப்படும் எல்டிஎல் அப்படிப்பட்ட ஒரு துகள்தான். குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். நடுவில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் இணைந்த எஸ்டர்கள், சுற்றிலும் பாஸ்போலிப்பிட் படலம், அதைத் தழுவியபடி ஏபோ பி-100 என்ற ஒரே ஒரு பெரிய புரதம். ஒரு துகளுக்குள் சுமார் 2,700 கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ பாதி, ஒன்றுக்கு மேற்பட்ட இரட்டைப் பிணைப்பு கொண்டவை. பெரும்பாலும் லினோலெயிக் அமிலம்.

அடிபடுவது இந்தப் பாதிதான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் தளர்வாக இருக்கும். ஒரு ராடிகல் அதைப் பறித்தால் கொழுப்பு அமிலமே ராடிகல் ஆகிறது. உடனே ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள, பெராக்சில் ராடிகல் உருவாகிறது. அது பக்கத்துக் கொழுப்பு அமிலத்தின் ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு தான் ஹைட்ரோபெராக்சைடு என்ற கெட்டுப்போன கொழுப்பாக அடங்கிவிடும். பறிகொடுத்தது அடுத்த ராடிகல். இப்படியே சங்கிலி நீளும்.

அதனால் என்ன கெடுதல்?

டேனியல் ஸ்டைன்பெர்க், சம்பத் பார்த்தசாரதி, ஜோசப் விட்ஸ்டம் உள்ளிட்டோர் 1989-ல் எழுதிய கட்டுரை இதை எல்லோர் கவனத்துக்கும் கொண்டுவந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள மேக்ரோஃபேஜ் என்ற, வேண்டாததை விழுங்கும் செல்கள் சாதாரண எல்டிஎல்லை அளவோடுதான் எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்லையோ வேறு வாசல் வழியாக, கட்டுப்பாடே இல்லாமல் விழுங்கும். விழுங்கி விழுங்கி நுரை செல்களாக உப்பிவிடும். குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு தொடங்குவது அப்படித்தான் என்பது அவர்கள் கருத்து.

இதிலிருந்து அடுத்த முடிவுக்குப் போவது எளிதாக இருந்தது. ஆக்சிஜனேற்றம்தான் சிக்கல் என்றால் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துவிட்டால் போகிறது. வைட்டமின் ஈ மாத்திரைகளுக்கு அன்று கிடைத்த மவுசு அங்கிருந்து வந்தது.

வைட்டமின் ஈ கட்சி மாறுவது எப்படி?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதலில் அது ஒழுங்காக வேலை செய்யும் சூழல். ஒரு பாத்திரம் நிறைய எண்ணெய், அதில் கரைந்த வைட்டமின் ஈ, அதாவது ஆல்ஃபா டோகோஃபெரால். பெராக்சில் ராடிகல் பக்கத்துக் கொழுப்பு அமிலத்தைத் தாக்கும் வேகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாக டோகோஃபெராலுடன் வினைபுரியும். ராடிகல் அடங்கும். டோகோஃபெரால், டோகோஃபெராக்சில் ராடிகலாக மாறும். எண்ணெயில் அது சுற்றித் திரிந்து இன்னொரு பெராக்சில் ராடிகலைச் சந்தித்து இரண்டுமே ஒழியும். ஒரு டோகோஃபெரால் இரண்டு ராடிகல்களை முடித்துவிடும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது எல்டிஎல்லுக்கு வாருங்கள். இங்கே கொழுப்பு ஒரே பரப்பாக இல்லை. கோடிக்கணக்கான தனித்தனித் துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு துகளில் இருக்கும் டோகோஃபெரால் மூலக்கூறுகள் சுமார் 6 முதல் 12 வரை. வெளியே தண்ணீரில் இருந்து ஒரு ராடிகல் வந்து மோதினால், துகளின் மேற்பரப்புக்கு அருகே இருக்கும் டோகோஃபெரால் அதை வாங்கிக்கொள்கிறது. வெளியில் இருந்த ராடிகலைத் துகளுக்குள் அழைத்து வருவதே வைட்டமின் ஈதான் என்று சொன்னாலும் தவறில்லை.

வாங்கியாயிற்று. அடுத்து? டோகோஃபெராக்சில் ராடிகலுக்குக் கொழுப்பில்தான் கரையத் தெரியும், வெளியே போகாது. இரண்டாவது ராடிகல் அதே துகளில் வந்து மோதினால் இரண்டும் ஒழியலாம். ஆனால் ராடிகல்கள் அடிக்கடி உருவாகாத சூழலில், அடுத்தது இதே துகளைத் தேடி வர நெடுநேரம் ஆகும். சூடான பாத்திரத்தைக் கையில் வாங்கியவருக்கு அதை இறக்கி வைக்க இடமில்லாதது போன்ற நிலை. வேறு வழியின்றி அது மெதுவாகப் பக்கத்து லினோலெயிக் அமிலத்தின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அந்த அமிலம் ஆக்சிஜனை வாங்கிப் பெராக்சில் ராடிகல் ஆகிறது. உடனே இன்னொரு டோகோஃபெரால் அதை அடக்குகிறது. ஹைட்ரோபெராக்சைடு ஒன்று மிச்சம், டோகோஃபெராக்சில் ராடிகல் ஒன்று மீண்டும் தயார். சுற்று தொடர்கிறது.

சங்கிலியை அறுக்க வேண்டியதே சங்கிலியின் கண்ணியாகிவிட்டது. இதற்கு ‘டோகோஃபெரால் வழி பெராக்சிடேற்றம்’ என்று பெயர். வின்சென்ட் பௌரி, கீத் இங்கோல்ட், ரோலண்ட் ஸ்டாக்கர் ஆகியோர் 1992, 1993-ல் வெளியிட்ட கட்டுரைகளில் இதை விளக்கினார்கள். இதில் இங்கோல்ட் இருந்ததைக் கவனிக்க வேண்டும். வைட்டமின் ஈ சங்கிலியை அறுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் என்பதை 1980-களில் அளந்து நிறுவியவர்களில் அவரும் ஒருவர். எதிர்முகாமில் இருந்து வந்த விமர்சனம் இல்லை இது.

இதை எப்படி உறுதிப்படுத்தினார்கள்?

ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அதிவேக மையவிலக்கியில் பிரித்தெடுத்து, ராடிகல்களைச் சீரான வேகத்தில் வெளியிடும் ஒரு சேர்மத்தைக் கலந்து, நேரத்துக்கு நேரம் ஹைட்ரோபெராக்சைடு எவ்வளவு சேருகிறது என்று அளந்தார்கள். சீராகச் சுரக்கும் ராடிகல் குறைவாக இருந்தபோது, வைட்டமின் ஈ இருக்கும் எல்டிஎல் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்தது. அது நீக்கப்பட்ட எல்டிஎல் தாக்குப்பிடித்தது. ராடிகல் வெள்ளமாகப் பாய்ந்தபோது நிலைமை தலைகீழ். அப்போது வைட்டமின் ஈ நன்றாகவே காத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ‘குறைவாக இருந்தபோது’ என்ற நிபந்தனைதான். உடலில் ராடிகல்கள் வெள்ளமாகப் பாய்வது அரிது. பெரும்பாலான நேரம் அவை சொட்டுச் சொட்டாகத்தான் வருகின்றன.

அப்படியானால் நம் எல்லோருடைய ரத்தமும் எப்போதோ கெட்டுப்போயிருக்க வேண்டுமே?

கெடவில்லை, ஏனென்றால் ரத்தத்தில் வைட்டமின் ஈ தனியாக இல்லை. டோகோஃபெராக்சில் ராடிகலைப் பழையபடி டோகோஃபெராலாக மாற்றி, அந்த ராடிகல் தன்மையைத் துகளுக்கு வெளியே கடத்திக்கொண்டு போகும் துணைப் பொருட்கள் இருக்கின்றன. முதலாவது வைட்டமின் சி. அது தண்ணீரில் கரையும். துகளின் மேற்பரப்புக்கு வந்து ராடிகலை வாங்கிக்கொண்டு தண்ணீரிலேயே அதைத் தீர்த்துக்கொள்ளும். இரண்டாவது யூபிகுவினால், கோஎன்சைம் க்யூ10 எலக்ட்ரான்களை ஏற்ற வடிவம். அது துகளுக்குள்ளேயே இருக்கும். ஆனால் சராசரியாக ஒரு எல்டிஎல் துகளுக்கு ஒரு மூலக்கூறுகூடத் தேறாது. இவ்வளவு சொற்பமாக இருந்தும், கொழுப்பைக் காப்பதில் வைட்டமின் ஈயைவிட யூபிகுவினால் திறமையானது என்று ஸ்டாக்கர், பௌரி, ஃப்ரை ஆகியோர் 1991-ல் காட்டினார்கள்.

பால்ஸ் ஃப்ரை, புரூஸ் ஏம்ஸ் குழுவினர் 1980-களின் இறுதியில் மனித பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை வைத்துச் செய்த சோதனைகளும் இதே திசையில்தான். பிளாஸ்மாவில் வைட்டமின் சி இருக்கும்வரை கொழுப்பு பெராக்சைடு கண்ணில் படவே இல்லை. அது தீர்ந்தவுடன் தோன்ற ஆரம்பித்தது. அந்த நேரத்தில் வைட்டமின் ஈ பெருமளவு அப்படியே இருந்தது! காவலாளி இருந்தும் திருட்டு நடந்ததற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்குப் பதில்தான் மேலே சொன்ன வழிமுறை.

அப்போது வைட்டமின் சி நல்லது, ஈ கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வைட்டமின் சிக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது, அது இரும்போடும் தாமிரத்தோடும் சேரும்போது வெளிப்படும்.

பெரிக் நிலையில் உள்ள இரும்பு அயனிக்கு வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரஸ் நிலைக்கு மாற்றுகிறது. ஃபெரஸ் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளந்து ஹைட்ராக்சில் ராடிகலைப் பிறப்பிக்கும். ஹென்றி ஃபென்டன் 1894-ல் விவரித்த வினை இது. ராடிகல்களிலேயே மிக மூர்க்கமானது ஹைட்ராக்சில். வேலை முடிந்த இரும்பு மீண்டும் பெரிக் ஆகும், வைட்டமின் சி அதை மீண்டும் ஃபெரஸ் ஆக்கும். கொழுப்பை வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றம் செய்ய விரும்பும் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் கலவை எது தெரியுமா? இரும்பும் வைட்டமின் சியும்தான்.

உலோகமே இல்லாமலும் ஒரு வழி உண்டு. கொழுப்பு ஹைட்ரோபெராக்சைடு ஏற்கெனவே உருவாகியிருந்தால், வைட்டமின் சி அதை உடைத்து டிஎன்ஏவைத் தாக்கும் ஆல்டிஹைடுகளைப் பிறப்பிக்கும் என்று லீ, ஓயே, பிளேர் மூவரும் 2001-ல் சோதனைக் குழாயில் காட்டினார்கள்.

ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் இந்த ஆபத்து பெரிதில்லை. அங்கே இரும்பு டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்திலும், தாமிரம் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்திலும் கட்டுண்டு கிடக்கிறது. கட்டில்லாத இரும்பு அனேகமாக இல்லை. அதனால் ரத்தத்தில் வைட்டமின் சி பெரும்பாலும் காவலனாகவே இருக்கிறது.

யாருக்கு இரும்புச் சிக்கல் வரும்?

ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோயில் உடல் அளவுக்கு மீறி இரும்பை உறிஞ்சிச் சேர்க்கும். தலசீமியா போன்ற நோய்களில் அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இரும்பு குவியும். இவர்கள் உடலில் டிரான்ஸ்ஃபெரின் நிரம்பி வழிய, கட்டில்லாத இரும்பு ரத்தத்தில் திரியும். இந்த நிலையில் தாமாக வாங்கி வைட்டமின் சி மாத்திரை சாப்பிடக் கூடாது. அது உறிஞ்சப்படும் இரும்பையும் கூட்டும், சேர்ந்திருக்கும் இரும்பையும் கிளறிவிடும். இதயம் பாதிக்கப்படலாம். இரும்பை வெளியேற்றும் சிகிச்சையின்போது மருத்துவரே சிறிய அளவில் வைட்டமின் சி கொடுப்பதுண்டு. அது வேறு விஷயம், அவர் கண்காணிப்பில் நடப்பது.

பீட்டா கரோட்டின்?

இங்கே தீர்மானிப்பது ஆக்சிஜனின் அழுத்தம். பர்டன், இங்கோல்ட் இருவரும் 1984-லேயே எச்சரித்தார்கள்: ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்தில் பீட்டா கரோட்டின் ராடிகல்களைப் பிடிக்கும், அதிகமாக உள்ள இடத்தில் தானே ஆக்சிஜனை வாங்கிச் சங்கிலியை வளர்க்கும். உடலில் ஆக்சிஜன் அழுத்தம் மிக அதிகமான உறுப்பு நுரையீரல்.

பத்து ஆண்டுகள் கழித்து ஃபின்லாந்தில் இருந்து முடிவு வந்தது. 29,133 ஆண்கள், எல்லோரும் புகைபிடிப்பவர்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். 1996-ல் அமெரிக்காவின் கேரட் ஆய்வு, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்ததில் 28 சதவீதம் அதிகம் என்று கண்டு, குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டது. புற்றுநோய்க்கான காரணம் முழுவதும் இந்த வேதியியல்தான் என்று சொல்லிவிட முடியாது, வேறு விளக்கங்களும் உண்டு. புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதெல்லாம் சோதனைக் குழாயில்தானே? மனித உடலில் இப்படி நடப்பதற்குச் சான்று உண்டா?

நியாயமான கேள்வி. நேரடிச் சான்று குறைவு, ஆனால் இருப்பவை கவனிக்கத்தக்கவை.

1995-ல் ஸ்டாக்கர் குழுவினர் மனிதர்களின் ரத்தக்குழாய்ப் படிவுகளை எடுத்துப் பகுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பு அதில் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதோடு வைட்டமின் ஈயும் சியும் கணிசமான அளவில் இருந்தன. வைட்டமின் தீர்ந்த பிறகுதான் கொழுப்பு கெடுகிறது என்ற பழைய கணக்கு சரியென்றால், கெட்ட கொழுப்பின் பக்கத்தில் தீராத வைட்டமின் இருக்கக் கூடாது. பற்றாக்குறையால்தான் படிவு வருகிறது, மாத்திரையால் அதை நிரப்பலாம் என்ற வாதத்தின் அடிப்படையையே இந்த ஒரு கண்டுபிடிப்பு ஆட்டம் காணச் செய்தது.

2001-ல் வந்த இன்னொரு சிறு ஆய்வு புகைபிடிப்பவர்களைப் பற்றியது. பல இரட்டைப் பிணைப்புக் கொழுப்பு நிறைந்த உணவோடு நாளுக்கு 800 ஐயு (சர்வதேச அலகு) வைட்டமின் ஈ கொடுத்தபோது, அவர்களிடம் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளங்கள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. எளிதில் எரியும் கொழுப்பு அதிகம், புகைபிடிப்பதால் வைட்டமின் சி குறைவு. கோட்பாடு கணித்த சூழல் இதேதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு 2,000 ஐயு வரை கொடுத்துப் பார்த்த 2001-ம் ஆண்டு ஆய்வில் ஐசோபுரோஸ்டேன் என்ற அடையாளப் பொருள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவர்களிடம் நடந்த 2007-ம் ஆண்டு ஆய்வில் நாளுக்கு 1,600 ஐயுவும் அதற்கு மேலும் போனபோதுதான் அது குறைந்தது. ஆக, வைட்டமின் ஈ சாப்பிடும் எல்லோருக்கும் ரத்தக் கொழுப்பு கெட்டுப்போகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அது நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை.

மாரடைப்பைத் தடுக்குமா, தடுக்காதா?

தடுக்கவில்லை. இதைப் பல்லாயிரம் பேரை வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

தொடக்கம் நம்பிக்கையாகத்தான் இருந்தது. 1996-ல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் நடந்த கேயாஸ் ஆய்வில், உயிரைப் பறிக்காத மாரடைப்புகள் வெகுவாகக் குறைந்தன. இறப்பு குறையவில்லை என்பதைச் செய்தி படித்தவர்கள் அதிகம் கவனிக்கவில்லை. பிறகு பெரிய ஆய்வுகள் வரிசையாக வந்தன. 1999-ல் இத்தாலியின் ஜிஸ்ஸி, 11,324 பேர். 2000-ல் ஹோப், 9,541 பேர், நாளுக்கு 400 ஐயு. 2002-ல் பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு, 20,536 பேர், வைட்டமின் ஈ 600, சி 250, பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம். எதிலும் இதயத்துக்குத் தெளிவான பலன் இல்லை. பிரிட்டன் ஆய்வில் வைட்டமின் எடுத்தவர்களின் எல்டிஎல்லும் டிரைகிளிசரைடும் லேசாக உயரவே செய்தன.

ஹோப் ஆய்வைத் தொடர்ந்து நீட்டித்தபோது, 2005-ல் வந்த முடிவில் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு 13 சதவீதம் அதிகம் இருந்தது. 2008-ல் 14,641 ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில் மூளை ரத்தக்கசிவு கூடியது. ரத்தக்கசிவுக்கும் நாம் பேசும் ஆக்சிஜனேற்றத்துக்கும் தொடர்பில்லை. வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தம் உறைவது குறையும், அதன் விளைவு அது.

மாத்திரை சாப்பிட்டால் எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடைவது குறைகிறது என்று ஒரு பரிசோதனை காட்டுகிறதாமே?

காட்டும். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஏன் என்று புரியும். பிரித்தெடுத்த எல்டிஎல்லில் தாமிர அயனியைக் கலந்து, 234 நானோமீட்டர் புறஊதா ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நேரம் கோடு படுத்தே கிடக்கும், பிறகு செங்குத்தாக ஏறும். அந்தப் படுத்துக் கிடக்கும் நேரம்தான் அளவுகோல். வைட்டமின் ஈ சாப்பிட்டவரின் எல்டிஎல்லுக்கு அது நீளமாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், வழக்கமாகச் சேர்க்கப்படும் தாமிரத்தின் அளவு, ராடிகல் வெள்ளமாகப் பாயும் சூழலை உருவாக்குகிறது. அங்கே வைட்டமின் ஈ காக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. தாமிரத்தைக் குறைத்தால் கதை மாறும். வைட்டமின் ஈயே தாமிரத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து வினையைத் தொடங்கி வைக்கும்.

2002-ல் வந்த வீப்ஸ் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். நாளுக்கு 400 ஐயு எடுத்தவர்களின் எல்டிஎல் ஆய்வுக்கூடத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்தது. அவர்களுடைய கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடிமனாவது மட்டும் குறையவில்லை. அளவுகோல் ஒன்று சொல்ல, ரத்தக்குழாய் வேறொன்று சொல்கிறது. நான் ரத்தக்குழாயைத்தான் நம்புவேன்.

ஆக்சிஜனேற்றக் கோட்பாடே தவறு என்று இதற்கு அர்த்தமா?

அப்படி இல்லை. கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவது நிஜம், படிவுகளில் அது கிடைக்கிறது. வைட்டமின் ஈ அதற்குச் சரியான மருந்தில்லை என்பதுதான் தெரியவந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்கி எல்டிஎல்லின் புரதத்தைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதல் ராடிகல் வழியாக நடப்பதில்லை, அதனால் வைட்டமின் ஈக்கு அங்கே வேலையே இல்லை.

கொலஸ்ட்ரால் மருந்தோடு இந்த மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா?

2001-ல் வெளியான ஹாட்ஸ் ஆய்வைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்டிஎல் சாதாரணம், ஹெச்டிஎல் குறைவு என்ற நிலையில் இருந்த 160 இதய நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சிம்வாஸ்டாட்டின், நியாசின் என்ற கொலஸ்ட்ரால் மருந்துகளைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதோடு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின், செலினியம் சேர்த்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் நன்றாக உயர்ந்தது, இதயக்குழாய் அடைப்பு சற்றே குறையவும் செய்தது. வைட்டமின்களும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஹெச்டிஎல் உயர்வு மட்டுப்பட்டது, அடைப்பு லேசாகக் கூடியது. ஆய்வு சிறியது, இன்று நியாசின் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. ஆனால் ‘வைட்டமின்தானே, சேர்த்துப் போட்டால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் ஈ மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

வைட்டமின் ஈயால் பலன் பெறுபவர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். பரம்பரைக் குறைபாட்டால் வைட்டமின் ஈயைத் தக்கவைக்க முடியாதவர்களுக்கு அது நரம்புகளைக் காக்கும் மருந்து, ஆயுள் முழுக்கத் தேவை. நீரிழிவு இல்லாத, கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கு நாளுக்கு 800 ஐயு கல்லீரல் நிலையை மேம்படுத்தியதாக 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொரு கூட்டம் சுவாரசியமானது. ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதத்தில் ‘2-2’ வகை கொண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு, சிதைந்த சிவப்பணுவிலிருந்து வரும் ஹீமோகுளோபினைக் கட்டிப்போடும் திறன் குறைவு. இஸ்ரேலில் இப்படிப்பட்ட 1,434 பேரிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், 400 ஐயு எடுத்தவர்களில் 2.2 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 4.7 சதவீதம் பேருக்கும் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தது. அவர்களிடம் ராடிகல்கள் மற்றவர்களைவிட அதிகம் உருவாகின்றன என்பதால், வைட்டமின் ஈ ஒழுங்காக வேலை செய்யும் சூழல் அமைந்துவிட்டது என்று ஊகிக்க இடமிருக்கிறது. இது என் ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

400 ஐயு என்பது எவ்வளவு?

இயற்கை வடிவ ஆல்ஃபா டோகோஃபெராலில் சுமார் 268 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்குத் தேவை என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்வது 15 மில்லிகிராம். அதாவது ஒரு கேப்ஸ்யூலில் ஏறத்தாழ 18 நாள் தேவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் உச்ச வரம்பு 300 மில்லிகிராம், அமெரிக்க வரம்பு 1,000 மில்லிகிராம். வைட்டமின் சியில் நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்த அளவு அதற்கு மேல் பெரிதாக ஏறாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும்.

உணவில் இருக்கும் வைட்டமின்களும் இப்படித்தானா?

பயப்பட வேண்டாம். பழம், காய், பருப்பு வகைகளில் கிடைக்கும் அளவில் எந்தப் பிரச்சினையும் காணப்படவில்லை. உணவில் ஈயும் சியும் பிறவும் சேர்ந்தே வருகின்றன, அளவும் குறைவு. மாத்திரையில் ஒன்று மட்டும் மலையளவு வருகிறது. ஆல்ஃபா டோகோஃபெரால் மாத்திரை அதிகமானால் உணவிலிருந்து கிடைத்த காமா டோகோஃபெராலின் ரத்த அளவு இறங்கிவிடுவதும் உண்டு.

சரி, வைட்டமின் ஈயோடு சியையும் யூபிகுவினாலையும் சேர்த்தே விழுங்கிவிட்டால்?

தாளில் நன்றாக இருக்கும் யோசனை. பிரிட்டன் ஆய்வில் ஈயும் சியும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், பலன் இல்லை. யூபிகுவினால் மாத்திரை ரத்தத்திலும் எல்டிஎல்லிலும் அதன் அளவை உயர்த்துகிறது. அதை மட்டும் வைத்து மாரடைப்பு குறையும் என்று சொல்லிவிட முடியாது என்பதைத்தான் மேலே வீப்ஸ் ஆய்வில் பார்த்தோம்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தலாமா?

மருத்துவர் ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ‘இதயத்துக்கு நல்லது’ என்று தானாக வாங்கிச் சாப்பிடுபவராக இருந்தால் தொடர்வதற்குக் காரணம் இல்லை. அமெரிக்கத் தடுப்புமருத்துவப் பணிக்குழு 2022-ல், இதய நோயையோ புற்றுநோயையோ தடுப்பதற்காக வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் எடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் சிறிய அளவு இந்தப் பேச்சில் வராது.

மீன் எண்ணெய் கேப்ஸ்யூலில் வைட்டமின் ஈ ஏன் சேர்க்கிறார்கள்? அதுவும் ஆபத்தா?

மீன் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். அது டப்பாவிலேயே கெட்டுப்போகாமல் இருப்பதற்காகச் சேர்ப்பது, உங்களுக்காக இல்லை. கேப்ஸ்யூலுக்குள் எண்ணெய் ஒரே பரப்பாக இருப்பதால் டோகோஃபெரால் பாடப்புத்தகத்தில் சொன்னபடியே நடந்துகொள்ளும். அங்கும்கூட அளவுக்கு மீறிச் சேர்த்தால் எண்ணெய் முன்னதாகவே காறும் என்பது எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் அதைச் சிறிதளவே சேர்க்கிறார்கள். அந்தச் சிறிதளவால் உங்களுக்குத் தீங்கில்லை.